சிரித்தவர் பெயர் அறிக்கையில் இல்லை

2007 மே 23, புதன்
ஆங்கில தினப் போட்டிக்கு ஒத்திகை. தரம் பதினொன்றுப் பிரசாந்தினி மலைநாட்டு மரக்கறி பற்றிப் பேசினாள். பெரகலச் சந்திக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. விடிய முன்னரே பஸ் ஏறி வருகிறவள். 'வெஜிடபிள்' என்பதை 'வெஜி டேபிள்' என்று மேசையாக்கிவிட்டாள். திருத்தினேன். மறுபடியும் மேசை. பதற்றத்தில் மொத்தம் நான்கு மேசை. மண்டபமே சிரித்தது.
மழை. குடையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நனைந்து வந்தேன்.

மே 28, திங்கள்
அதை ஒருவன் கைத்தொலைபேசியில் படம் பிடித்திருக்கிறான். புளூடூத்தில் வகுப்பு வகுப்பாகப் போய்விட்டது. நான்கு மேசைகளையும் வெட்டி ஒட்டி ரிங்டோனும் செய்துவிட்டார்கள். இன்று பண்டாரவளை பஸ்ஸில் கண்டக்டரின் போன் அடித்தது: வெஜி டேபிள், வெஜி டேபிள். பிள்ளையின் பெயரே இப்போது 'டேபிள்'தான்.
இரண்டு நாளில் அடங்கிவிடும் என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். எல்லோரும் ஆமோதித்தார்கள். ஆமோதிப்பதற்கு எங்களிடம் ஆள் பஞ்சமில்லை.

ஜூன் 4, திங்கள்
பிரசாந்தினி ஒரு வாரமாக வரவில்லை.

ஜூன் 5, செவ்வாய்
ஒழுக்காற்றுக் குழு கூடியது. அதிபர் வீரசிங்கம், பிரதி அதிபர் இரகுநாதன், கணினி ஆசிரியர் ஸரூக், நான். சான்றைப் பார்க்காமல் விசாரிப்பது முறையல்ல என்றார் இரகுநாதன். எனவே ஸரூக் எல்லோருக்கும் அதைப் புளூடூத்தில் அனுப்பினார். அதிபரின் பழைய போன் அதை ஏற்கவில்லை, மனிதர் வாடிப்போனார். ஸரூக் தன்னுடையதில் மூன்று தடவை ஓட்டிக் காட்டிய பிறகே தெளிந்தார். "பாவம் பிள்ளை" என்றார்கள், வாயைப் பொத்திக்கொண்டு.
எடுத்தவன் மதுசூதனன். எல்லோருக்கும் தெரியும். மண்டபத்து ஒலிபெருக்கி அவன் தகப்பனின் அன்பளிப்பு என்பதும் தெரியும். ஆகவே அறிக்கையில் 'இனங்காணப்படாத மாணவர்' ஆனான்.
பரிந்துரை இரண்டு. ஒன்று, பள்ளிக்கூடத்தில் கைத்தொலைபேசிக்குத் தடை. அந்தத் தடை போன வருடமும் இருந்தது. மற்றது, 'பாதிக்கப்பட்ட மாணவி இனிமேல் மேடையேறுவதைத் தவிர்த்தல் நன்று.'
நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 6, புதன்
வீட்டில் தனியாக இருந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். நான்காவது மேசைக்குப் பிறகு ஒரு சிரிப்பு கேட்கிறது. பிள்ளைகளின் சிரிப்பல்ல. மைக்குக்குப் பக்கத்தில் நின்றது யார்? நான்தானே. நான் சிரித்த பிறகுதான் மண்டபம் சிரிக்கிறது.
இருபத்திரண்டு வருஷம் படிப்பிக்கிறன். என்ன வேலை செஞ்சனான் நான்.

ஜூன் 10, ஞாயிறு
தோட்டத்துக்குப் போனேன். தாய் ரெங்கம்மா லயத்து வீட்டு வாசலில் நின்றார்.
"வாங்க டீச்சர். நீங்களாச்சும் சொல்லுங்க. ஸ்கூலுக்குப் போகமாட்டாளாம். கொழுந்து எடுக்கப் பேரு பதிஞ்சு விடுன்னு என் உசிர எடுக்கிறா."
டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. வகுப்பில் தேறக்கூடிய எட்டுப் பேரில் இவள் ஒருத்தி.
பிரசாந்தினி வெளியே வந்தாள். வழியெல்லாம் அழகாகத் தயாரித்து வந்த பேச்சு எனக்கு மறந்துபோனது.
"முதல் சிரிச்சது நான்தான், பிள்ளை."
"தெரியும் டீச்சர். அண்ணன் போன்ல நூறு தடவ கேட்டுட்டேன்."
தாய் தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டார். நல்லதாய்ப் போயிற்று.
"இப்ப நான் என்ன செய்யவேணும்?" என்று கேட்டேன். குழுவில் யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி. எனக்கும்தான்.
வாசற்படியில் உட்கார்ந்தாள்.
"காலைக் கூட்டத்துல என்னப் பத்திப் பேச வேணாம். பாவம் பாக்கவும் வேணாம். எங்க வகுப்புக்கு வந்து, சிரிச்சது நீங்கதான்னு சொல்லுங்க. உங்க போன்ல இருக்கிறத அவங்க முன்னால அழிச்சிருங்க."
"என்ர போனில இருக்கெண்டு ஆர் சொன்னது?"
"எல்லார்கிட்டயும் இருக்கு டீச்சர்."

ஜூன் 11, திங்கள்
சொன்னேன். அழித்தேன். பொத்தான் மாறி அமுக்கியதில் ஒரு தடவை ஓடவும் தொடங்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.
பிறகு முன்வரிசையில் ஒருத்தி புத்தகப் பையைத் திறந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். தடை அமுலில் உள்ள வகுப்பறையில் பத்தொன்பது போன்கள் வெளியே வந்தன, பத்தொன்பதிலும் அழித்தார்கள். நான் ஒன்றையும் காணவில்லை. மதுசூதனன் மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.
இடைவேளையில் இரகுநாதனிடம் போய், அறிக்கையில் சிரித்தவரின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன்.
"டீச்சர் சிரிச்சவ எண்டு கல்வித் திணைக்களத்துக்கு எழுத ஏலுமோ? பள்ளிக்கூடத்தின்ர மானம் என்னாகிறது?"
அப்படியானால் என் கையெழுத்தும் வேண்டாம் என்று வெட்டிவிட்டேன். அதிபர் அதன் அருகே 'மை சிந்தியது' என்று குறிப்பெழுதி, முத்திரையும் குத்தினார்.

ஜூன் 13, புதன்
பிரசாந்தினி வந்துவிட்டாள். பின்வரிசையிலிருந்து 'டேபிள்' என்று ஒரு குரல். அவள் திரும்பி, யாரென்று நிதானமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளும் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாதி வகுப்பு. குரல் மறுபடி வரவில்லை.

ஜூலை 18, புதன்
தரம் பத்து ஷாகிரா வலைப்பந்துப் பயிற்சியில் வழுக்கி விழுந்ததை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். காலையிலேயே சுற்றத் தொடங்கிவிட்டது. எனக்குச் சொன்னது பிரசாந்தினி.
"எங்க வகுப்புக்கும் வந்துச்சு டீச்சர். யாரும் அனுப்பல. எடுத்த பயலைக் கண்டுபிடிச்சு அழிக்க வச்சிட்டோம்."
"அடிச்சனீங்களோ?"
"இல்லயே. பத்துப் பேரு போய்ச் சும்மா நின்னோம். அவனே அழிச்சிட்டான்."
ஷாகிரா தனியாக இருக்கிறாள், போகவேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடினாள். பார்த்தேன்: இருவரும் தண்ணீர்க் குழாயடிக் கட்டின் மேல் உட்கார்ந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது மணி பத்தே முக்கால்.
விஷயம் முடிந்துவிட்டது என்று அதிபரிடம் சொன்னேன். ஆனால் பகல் இரண்டு மணிக்கு ஒழுக்காற்றுக் குழுவை அழைத்து, கடைக்குக் கடலை வடையும் சொல்லி அனுப்பியாகிவிட்டதாம்.
ஆகவே கூடினோம்.