தண்ணீர் தெளியும்வரை அலசாதே, குமரேசா

அன்புள்ள குமரேசா,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதில் சொல்ல முடியாத இடத்துக்கு நீ போய்விட்டாய். அது எனக்கு வசதிதான், மறுக்கவில்லை.

உன் மீன்தொட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. உன் காரியம் முடிந்த மறுவாரமே உன் மனைவி கஸ்தூரி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். கூடவே ஒரு வாளியில், நீ கடைசியாக வாங்கிய தங்கமீன். "அவரு கைக்கு உசுரு தங்கலண்ணா. கடைசி வரைக்கும் அதையே சொல்லிக்கினு இருந்தாரு. இது ஒண்ணாவது உங்ககிட்ட பொழைக்கட்டும்" என்றாள்.

அந்த வார்த்தைதான் என்னை எழுத வைக்கிறது.

நினைவிருக்கிறதா? நீ முதல் தொட்டி வாங்கியபோது ஸ்பாஞ்ச் ஃபில்டர், அந்தப் பஞ்சு வடிகட்டியே போதும் என்று நான்தான் சொன்னேன். மூன்று மாதத்தில் ஆறு மீனும் செத்தன. பிள்ளையார்பாளையம் டீக்கடையில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தாய்: "கெமிஸ்ட்ரி வாத்தியாரு குடுத்த பஞ்சுபா! ஆறு மீன காப்பாத்த முடியல, இவரு எப்டி அறுபது புள்ளைங்கள பாஸ் பண்ண வெக்கிறாரு?" சிரித்தார்கள். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம், என்னை வெறுப்பேற்றவே பெரிய மோட்டார் ஃபில்டர் வாங்கினாய். அதிலும் மீன்கள் செத்தன. காரணம் அப்போதே உன் மகள் சொல்லித் தெரிந்துவிட்டது. "அப்பா வாராவாரம் ஃபில்டர் உள்ள இருக்குற பஞ்ச எடுத்துக்கினு போய் குழாயடியில தண்ணி தெளியிற வரைக்கும் அலசுவாரு மாமா. சாயம் போட்ட பட்ட அலசுவாரே, அதே மாதிரி."

சாயக்காரன் கை வேறென்ன செய்யும்? ஆனால் மீன் கழிவின் விஷத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் அந்த அழுக்குப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். எந்த ஃபில்டரை வாங்கினாலும் நீ அதன் உயிரை அலசிக் கொட்டிக்கொண்டிருந்தாய்.

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நீயாக வந்து கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்டிருக்கக் கூடாதா? நடுவில் இரண்டு தெருதானே?

உன் கையில் குறை இல்லை குமரேசா. அதைக் கஸ்தூரி தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மீனுக்கு எது பொருந்தும் என்று தீர்மானித்துவிட்டேன். தங்கமீன் கழிவு அதிகம் போடும். என் ஸ்பாஞ்ச் மட்டும் தாங்காது, உன் மோட்டார்தான் சரி. இதை ஒருமுறைதான் சொல்வேன். என் தொட்டியில் ஊறிப் பழுப்பேறிய பஞ்சை அதற்குள் வைத்திருக்கிறேன். தொட்டித் தண்ணீரையே ஒரு மக்கில் எடுத்து, அதில் இரண்டு பிழி. கழுவல் அவ்வளவுதான். மீன் நன்றாகத் தின்கிறது. இதைச் சாக விடமாட்டேன்.

உன் வீட்டு விலாசத்துக்கே தபாலில் போடுகிறேன், கஸ்தூரி பிரிப்பாள். கீழே 'உன் நண்பன்' என்று எழுதி, அடித்துவிட்டேன். பெயர் போட்டால் மன்னிப்புக் கேட்டது போலாகிவிடும். டீக்கடையை நான் இன்னும் மறக்கவில்லை. பெயரில்லாமலே போகட்டும். பஞ்சு பிழிவதைப் பற்றி அவளுக்கு எழுத இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?