கதவுக்கு வெளியே சூப்

அன்பு மகளே,

கேரட்டை இனி வட்டமாக அல்ல, சதுரமாகத்தான் வெட்டுவது என்று நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று தீர்மானித்தோம். ஆலோசனையில் நானும் உன் அத்தையும் கலந்துகொண்டோம்.

உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பட்டாணி எல்லாம் போட்டு, இந்தக் குளிருக்கு மிளகைத் தூக்கலாக வைத்திருக்கிறேன். நீ எப்போது கதவைத் திறந்தாலும் சூடாக இருக்கட்டும் என்று அடுப்பை அணைக்காமல் விட்டதில், சூப் சுண்டிச் சுண்டி, கரண்டி அதில் தானாக நின்றது. வெந்நீர் ஊற்றி மறுபடி கொதிக்க வைத்தேன்.

"உன் சமையலுக்குப் பயந்துதாண்டா அவ உள்ளயே இருக்கா," என்றாள் அத்தை. இருவரும் சிரித்துப் பார்த்தோம், சிரிப்பு வரவில்லை.

அம்மாவை மயானத்துக்குக் கொண்டுபோன அன்று அறைக்குள் போனாய். தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொள்கிறாய். கிண்ணம் வைத்தபடியே இருக்கிறது. நேற்றுவரை "வேண்டாம்ப்பா" என்றாவது சொன்னாய். இன்று தட்டினால் கட்டில் மட்டும் கிறீச்சிடுகிறது. நல்லவேளை, அதற்கு நான் எண்ணெய் போடவே இல்லை.

உப்புப் பார்ப்பது உன் அம்மாவின் இலாகா. எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, போதுமா போதாதா என்று மட்டும் சொல், கண்ணு.

ஆறு மணிக்குத் தச்சர் வந்து கதவைக் கழற்றுவார்.

அப்பா