நீல டேப்பை முதலில் போட்ட அம்மாவுக்கு

கைதட்டிச் சிரிக்கிற என் அம்மா,

நீ போய் மூன்று வருடமாகிறது. இதுவரை உனக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை என்பது உனக்கே தெரியும். ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, ஊர் ஊராக வரும் குடிநீர்ப் புட்டிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொன்னால்கூட நம்பமாட்டேன். ஆனாலும் இந்த மாதம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ரொட்டி வேன் கிடைத்துவிட்டது, அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் சந்தைப் பக்கம் போயிருந்தேன். ஒரு சீனப் பெரியவர் பீங்கான் கிண்ணங்களுக்கு நடுவில் பட வட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். அதில் ஒரு புதுப் பெட்டி. அட்டையில் வெள்ளை வேன் ஒன்று நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஆகாயத்தில் நின்றது. பின்கதவு திறந்து ரொட்டிகள் பறந்துகொண்டிருந்தன. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் பார்த்தது. பார்த்த கணமே தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்து ஹாங்காங் படங்கள் ஆறு, ஒரே பெட்டியில். கார் துரத்தலும் அடிதடியும் சிரிப்புமாக எடுத்துத் தள்ளி, இரண்டு வாரம் ஓடி, பிறகு யாரும் சீந்தாத படங்கள். எங்கோ யாரோ மூலச் சுருளைத் தேடிப் பிடித்து, கழுவித் துடைத்து, இப்போது வட்டில் போட்டிருக்கிறார்கள். ஒரு படத்தில் பிண வண்டியைப் போலீஸ் துரத்துமே, வாத்துக் கூண்டு கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒரு கிழவி குறுக்கே வருவாளே, அதுவும் இருக்கிறது. பார்க்கக் கருவி இல்லை. அதையும் வாங்கினேன். நானா என்று நீ சிரிப்பது கேட்கிறது.

வாங்கியதற்குக் காரணம் ஆசை மட்டும் இல்லை. உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று எனக்குள் கிடந்தது. அதை எந்த வாய்ப்பிலும் சொல்லாமல் உன்னை அனுப்பிவிட்டேன்.

ஆயாக் கொட்டகை நினைவிருக்கிறதா? வார நாட்களில் நீங்கள் எல்லாரும் ரப்பர் மரம் சீவப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகை. ஞாயிறு மதியம் அதுவே நம் தோட்டத்துப் படக்கொட்டகை. லயத்து வரிசை வீடுகள் எல்லாம் சேர்ந்து வாங்கிய டிவியும் வீடியோவும் தொட்டில் கம்பிக்குக் கீழே இருக்கும். டவுனிலிருந்து பாய் கடை டேப் வரும். பாய் ஒரு படத்தை இரண்டு குட்டை டேப்பில் பிரித்துப் பதிந்து வைத்திருப்பார். ஒன்றில் சிவப்பு ஒட்டு, ஒன்றில் நீல ஒட்டு. வேறு அடையாளம் கிடையாது.

நம் தோட்டத்தில் மரங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவீர்கள். முதல் நாள் சீவும் மர நிரைக்கு நீலச் சாயம் அடித்திருக்கும், மறுநாள் நிரைக்குச் சிவப்பு. அதனால் நீலம் என்றால் முதல், சிவப்பு என்றால் அடுத்தது. அது உங்கள் கைக்கே தெரிந்த கணக்கு. பாய் தோட்டத்தில் வேலை செய்தவர் இல்லை. அவருக்குச் சிவப்புதான் முதல். இப்படித்தான் நம் லயம் முழுவதும் இரண்டாம் பாதியை முதலில் பார்த்து, முதல் பாதியைப் பிறகு பார்த்தது.

பேச்சு புரியாத கான்டனிஸ் சீனம். அடியில் வரும் வெள்ளை எழுத்து வெள்ளைச் சட்டைகளில் கரைந்துவிடும். ஆகவே நீ டிவிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு கதை சொல்வாய். ரொட்டி வேன் படத்தில் எடுத்த எடுப்பில் வேன் வானத்திலிருந்து தொப்பென்று ரோட்டில் விழும்.

“மேல இருந்து வந்துட்டாங்க. எங்க இருந்துன்னு கேக்காதீங்க, அது அவங்க பாடு.”

ஓட்டுகிறவன் குண்டு ரொட்டிக்காரன். பக்கத்தில் எப்போதும் எதையாவது தின்றுகொண்டே இருக்கும் தொப்பிக்காரர். நாலு கார் துரத்தும், சந்தைக் கடைகள் சரியும், கடைசியில் வேன் துறைமுகத்தில் கடலுக்குள் பாயும். பாயும் முன் தொப்பிக்காரர் ரொட்டிக்காரனை வெளியே தள்ளிவிடுவார். தண்ணீரில் தொப்பி மட்டும் மிதக்கும்.

நீ அந்த இடத்தில் ஒன்றும் சொல்லமாட்டாய். எழுந்து சிவப்பு டேப்பைப் போடுவாய். சீன எழுத்துகள் வரிசையாக ஓடும். “விளம்பரம்,” என்பாய். எழுத்து முடிந்ததும் ரொட்டிக்கடை வாசலில் தொப்பிக்காரர் முழுசாக நின்று பன் தின்றுகொண்டிருப்பார்.

“பாத்தீங்களா, நான் சொல்லல? நீச்சல் தெரிஞ்ச மனுசன்!”

கொட்டகையே அதிரும். அவரும் ரொட்டிக்காரனும் அப்போதுதான் அறிமுகமாகிறவர்கள் மாதிரி கை குலுக்குவார்கள். பின்னாலிருந்து யாராவது கேட்பார்கள், “என்னக்கா, ஆளையே தெரியாத மாதிரி பேசுறாங்க?”

“தலையில அடி பட்டிருக்குலா ரெண்டு பேருக்கும். மறந்து போச்சு. மொதல்ல இருந்து பழகுறாங்க.”

சிவப்பு டேப் மேம்பாலத்தில் முடியும். வேன் பாலத்தின் உடைந்த முனையிலிருந்து கிளம்பி ஆகாயத்தில் இருக்கும்போதே திரையில் மணல் கொட்டிவிடும். “போயிட்டே இருக்காங்க,” என்று சொல்லி டிவியை அணைப்பாய். எங்களுக்கு அதுதான் முடிவு.

அப்பா தோட்டத்து ரப்பர்ப் பால் லாரியோடு ஆற்றில் விழுந்தது இந்தப் படம் முதலில் வந்ததற்கு முந்தின வருடத்து மழையில். எனக்குப் பதினொரு வயது. இரண்டு நாள் தேடினார்கள். அந்த இரண்டு நாளும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நீ ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாய். நீச்சல் தெரிஞ்ச மனுசன், வந்துருவாரு.

பதின்மூன்று வயதில் உனக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம், டேப் எடுக்க நான் போனேன். பாய் கடையில் அந்தப் படமே ஓடிக்கொண்டிருந்தது. கை குலுக்கும் இடம். “இது ரெண்டாவது டேப்தானே?” என்றேன். “இல்லம்மா, செவப்புதான் மொதல்,” என்றார் பாய். அடுத்த ஞாயிறு அதே படத்துக்குக் கொட்டகை நிறைந்திருக்கும்போது நான் எழுந்து நின்றேன். வகுப்பில் பதில் சொல்லும் குரலில் சொன்னேன்.

“அம்மா டேப்ப தப்பாப் போடுறாங்க. செவப்புதான் மொதல்ல. தொப்பிக்காரரு திரும்பி வரல. அவரு செத்துட்டாரு.”

நீ என்னைப் பார்த்தாய். பிறகு நீல டேப்பை வெளியே எடுத்துவிட்டுச் சிவப்பைப் போட்டாய். அன்றைக்குப் படம் தொப்பி மிதப்பதோடு முடிந்தது. அதற்குப் பின் நீ முக்காலியில் உட்காரவில்லை. பின் சுவர் ஓரம் உட்கார்ந்து மற்றவர்களோடு சும்மா பார்த்தாய். நான் பல்கலைக்கழகம் போனேன். அடிதடிப் படம் பார்க்கிறவர்களைக் கொஞ்சம் கேவலமாகவும் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

இப்போது அந்தப் படத்தைச் சரியான வரிசையில், தனியாக, சனிக்கிழமை மதியம் ஜன்னல் திரையை மூடிவிட்டுப் பார்த்தேன். சிரிக்கத் தயாராக இல்லை. பழைய குப்பை என்று நிரூபித்துக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

அம்மா, அது நிஜ வேன். மேம்பாலமும் நிஜம். வேனைத் தூக்கிக் கட்டிய கம்பி தெரிகிறதா என்று ஒவ்வொரு கணமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கம்பி இல்லை. டேப்பில் சாம்பல் புள்ளிகளாகத் தெரிந்தவை இப்போது முகங்கள். ஆகாயத்தில் இருக்கும் அந்த ஒரு கணத்தில், ரொட்டிக்காரன் ரோட்டைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறான். தொப்பிக்காரர் ஒரு கையால் தொப்பியைப் பிடித்திருக்கிறார், மறு கையில் பன்னை விடவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறக்கும்போது ஒரு பன்னை விடாமல் பிடிக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். இதைச் செய்தவர்களின் பெயர்கள் கடைசியில் எறும்பு மாதிரி ஓடுகின்றன. இந்த மனிதர்களைப் பற்றி எங்கும் ஒரு வரி நல்ல வார்த்தை நான் படித்ததில்லை. நானே சொன்னதும் இல்லை. நிறுத்திய படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோயிலில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை, உனக்குத் தெரியும்.

எழுத்து தெரியாமல், பாஷை தெரியாமல், மணல் கொட்டும் ஒரு டேப்பில் இதையெல்லாம் நீ எப்படிப் பார்த்தாய்? “பன்ன விடமாட்டாரு பாரு, பன்ன விடமாட்டாரு,” என்று நீ கத்தினது எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு புந்தோங்குக்குப் போனேன், பாக்கியம் அத்தை வீட்டுக்கு. லயத்தில் நம் அடுத்த வீடு, நீ சீவிய நிரைக்கும் அடுத்த நிரை. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது உன்னோடு சேர்ந்தே புந்தோங் வந்தவர். இப்போது கண் அநேகமாகப் போய்விட்டது. கருவியை டிவியில் மாட்டிக்கொண்டே, அத்தையிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். அம்மாவை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டேன், கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை என்றேன். சொல்லி முடிக்கவே கஷ்டமாக இருந்தது.

அத்தை சிரித்தார். “அடியே, ஒங்கம்மாவுக்குத் தெரியாதுன்னா நெனச்ச?”

நான் கையிலிருந்த வயரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மொத வாரம் தப்பாத்தான் போட்டோம். நீலம் மொதல்ல, செவப்பு அடுத்து, நம்ம நிரை மாதிரி. திருப்பிக் கொடுக்கப் போனப்போ பாய் சொல்லிட்டாரு. நானும் கூடத்தான் இருந்தேன். வழியில ஒங்கம்மா சொன்னா, வாய மூடிக்கிட்டு இரு பாக்கியம், இப்புடியே பாப்போம்னு.”

“ஏன்?”

“ஏன்னா? அப்பன் போனதுல இருந்து நீ வாயத் தொறந்தியா? சோறு வச்சா தின்ன, பள்ளிக்கூடம் போன, வந்த. ஒரு சிரிப்பு கிடையாது. அன்னிக்குத் தொப்பிக்காரரு கடையில வந்து நின்னாரு பாரு, நீ எந்திரிச்சுக் கையத் தட்டுன. நாங்க எல்லாரும் ஒன்னத்தான் பாத்தோம், டிவியப் பாக்கல.”

“எல்லாருமா?”

“பின்ன? பொம்பளைங்க ஒருத்தருக்கொருத்தரு சொல்லிக்கிட்டோம்லா. ரெண்டு மாசத்துல லயத்துக்கே தெரியும். ஆம்பளைங்களும் வாயத் தொறக்கல. படிக்கிற புள்ள, ஒனக்குத்தான் தெரியல!”

இருபத்திரண்டு வீடு, அம்மா. இரண்டு வருடம், எல்லாப் படத்தையும் தலைகீழாகப் பார்த்து, தெரியாத மாதிரி கேள்வி கேட்டு, நீ சொன்ன பதிலுக்குச் சிரித்திருக்கிறார்கள். “ஆளையே தெரியாத மாதிரி பேசுறாங்க” என்று கேட்டவருக்கும் பதில் தெரிந்தே இருந்திருக்கிறது. எதையும் நம்பாத நான் ஒருத்தி மட்டும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வேன் பறந்ததைவிட இது எனக்குப் பெரிதாக இருக்கிறது. இதில் கம்பி எங்கே என்று நான் இன்னும் தேடுகிறேன்.

“அப்புறம் ஏன் அத்தை அம்மா கதை சொல்றத விட்டுட்டாங்க?”

“நீ சொல்லிட்டல்ல, அவரு செத்துட்டாருன்னு. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு அழுதா. என்னடின்னு கேட்டேன். எம்புள்ள தேறிட்டா பாக்கியம், இனிமே நான் பொய் சொல்ல வேணாம்னா.”

நான் உன்னை அவமானப்படுத்தினேன் என்று முப்பது வருடத்துக்கு மேல் தூக்கித் திரிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் கேட்டிருக்கலாம் என்கிறாயா?

அத்தை டிவிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். “என்ன நிக்கிற? நீலத்தப் போடு.”

“இது ஒரே வட்டு அத்தை. சிவப்பு நீலம் எல்லாம் இல்ல.”

“அப்ப நடுவுல இருந்து போடு. எனக்கு வேற கண்ணு சூசாவா இருக்கு, ஒன்னும் தெரியாது. நீ சொல்லு.”

பாய் டேப்பை வெட்டிய அந்த இடத்தை முன்னும் பின்னும் ஓட்டிக் கண்டுபிடித்தேன். வேன் விழுந்தது. கீழே ஆங்கிலத்தில் வசனம் தெளிவாக வந்தது. அதை அப்படியே தமிழில் வாசித்தேன்.

“அப்புடியா பேசுனாங்க? நல்லாவே இல்ல. ஒங்கம்மா சொன்ன மாதிரி சொல்லு.”

எனக்கு அது வராது, அம்மா. கூட்டத்தில் நான் அறிக்கை வாசிப்பவள். “மேல இருந்து வந்துட்டாங்க,” என்றேன் மெதுவாக. அத்தை தலையாட்டினார். சந்தையில் தர்பூசணிகள் உருண்டபோது என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. தொப்பி மிதந்தபோது நீ செய்ததையே செய்தேன், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு படத்தின் தொடக்கத்துக்குப் போனேன். எழுத்துகள் ஓடின.

“விளம்பரமா?” என்றார் அத்தை.

“விளம்பரம்தான்.”

ரொட்டிக்கடை வாசலில் அவர் முழுசாக நின்றார். சட்டை நனையவில்லை. கையில் பன். அத்தைக்கு அது தெரியாது. என் வாய்க்காகக் காத்திருந்தார்.

“வந்துட்டாரு அத்தை,” என்றேன். “நீச்சல் தெரிஞ்ச மனுசன்.”

அத்தை கைதட்டினார். நானும் எழுந்து தட்டினேன்.

பெட்டியில் இன்னும் ஐந்து படம் இருக்கிறது. ஞாயிறுதோறும் புந்தோங் போவேன். ஒவ்வொன்றிலும் பாய் வெட்டிய இடத்தைத் தேடி, அங்கிருந்து போடுவேன். அத்தைக்குக் கதை சொல்வேன். ரொட்டி வேனை மட்டும் எத்தனை தடவை போட்டாலும் மேம்பாலத்தைத் தாண்டவிடமாட்டேன். ஆகாயத்திலேயே நிறுத்தி அணைத்துவிடுவேன். இது என் வாக்கு, அம்மா.

கடைசிவரை ஏமாந்திருந்த,
உன் படிக்கிற புள்ள