பின்கட்டு ஷெட்டில் போட்ட மேசை

அத்தை,

இன்று காலை பீரோவிலிருந்து உங்கள் வெள்ளை மேசைவிரிப்பை எடுத்து இஸ்திரி போட்டேன். கஞ்சி வாசனை எழும்பியதும் என் முதுகு விறைத்துக்கொண்டது. நீங்கள் இறந்துபோனது அதற்கு இன்னும் தெரியவில்லை.

சாயங்காலம் உங்கள் பேரனுக்கு, என் மகனுக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். பூக்கூடையோடு வந்த உங்கள் மகள், "அம்மா இருந்திருந்தா மேசைய எப்படி சோடிச்சிருப்பாங்க!" என்று கண் கலங்கினாள். நான் கூடையை வாங்கிக்கொண்டேன். அந்த மேசையில் நீங்கள் ஒரு பூவைக்கூட வைத்ததில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

நம் கம்பெனியில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தாலும், வீட்டில் பிறந்தநாள் என்றாலும் சோடித்தவள் நான்தான். வாசலில் கார் சத்தம் கேட்டதும், "நீ உள்ள போ அம்மணி" என்பீர்கள். யாராவது பாராட்டினால், "எல்லாம் எம் பொண்ணு கைவேலைங்க" என்று அவளைக் காட்டுவீர்கள். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். மாமாவின் அறுபதாம் கல்யாணத்தை என்னால் விட முடியாது.

அன்று மேசை நடுவே உருளியில் தாமரை மிதக்கவிட்டிருந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் சம்பங்கியும் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கட்டிய சின்னக் கொத்து. ஓரத்து இரண்டு நாற்காலிகள் என் அம்மா அப்பாவுக்கு என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். தலையாட்டினீர்கள்.

அப்பா மண்ணரைப் பக்கம் வேறொரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். புது வேட்டி கட்டி, கூச்சத்தோடு படியேறினார். நீங்கள் சிரித்தபடியே வழிமறித்தீர்கள்.

"சம்பந்தி, உங்களுக்குப் பின்னால ஷெட்ல எலை போட்டிருக்குதுங்க. கம்பெனி ஆளுகளோட பேசிக்கிட்டே சாப்புடலாமுங்க."

"ஆகட்டுங்க" என்று அப்பா திரும்பி நடந்தார். அம்மா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அந்த இரண்டு நாற்காலிகளையும் பேங்க் மேனேஜருக்கும் அவர் சம்சாரத்துக்கும் என்று காலியாக வைத்திருந்தீர்கள்.

இன்னும் வராத மேனேஜரைத் தவிர எல்லாரும் உட்கார்ந்த பிறகு நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். அந்த இரண்டு தட்டுகளையும் டம்ளர்களையும் பூங்கொத்துகளையும் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன்.

"என்ன பண்றே அம்மணி?" அப்போதும் உங்கள் சிரிப்பு மாறவில்லை.

"எங்கம்மாவுக்கும் அப்பாவுக்கும் மேசை போடப் போறனுங்க அத்தை."

உங்கள் மகன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஷெட்டில் துணி வெட்டும் மேசையைத் துடைத்து, தட்டுகளை வைத்து, பக்கத்தில் பூவை வைத்தேன். "எதுக்கு கண்ணு இதெல்லாம்?" என்றார் அப்பா. நானும் ஒரு இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களோடு சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் நேராகப் பேசவில்லை. "அவகிட்டச் சொல்லு" என்று நான் நிற்கும்போதே வேறு யாரிடமாவது சொல்வீர்கள். அப்பா அந்த வாசலை மறுபடி மிதிக்காமலே போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்தீர்கள். "எதையும் மனசுல வெச்சுக்காத அம்மணி." நர்ஸ் பக்கத்தில் நின்றதால், "இல்லீங்க அத்தை" என்றேன்.

வைத்திருக்கிறேன் அத்தை. அப்பா திரும்பி நடந்ததை, அம்மா தலை குனிந்ததை, உங்கள் சிரிப்பை, எல்லாவற்றையும். உங்களை மன்னிக்க இந்த வீட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒருத்தி மன்னிக்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.