வேளாங்கண்ணிக்கு நடந்த முழங்கால்

ஜெனோவா அப்பாவுக்கு,

நடக்கத்தான் செய்கிறாள். நடக்கிற பிள்ளைக்கு எதற்கு ஆபரேஷன் என்று மஸ்கட்டிலிருந்து கேட்டீர்கள். அவள் பக்கத்தில் இருந்ததால் போனில் பேச முடியவில்லை. நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வரும்வரை தள்ளிப்போட முடியாது.

வேளாங்கண்ணித் திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன்பே கபடியில் விழுந்திருக்கிறாள். முழங்காலுக்குள் குருத்தெலும்பு ஒரு சில்லாகப் பெயர்ந்துவிட்டது. வளர்கிற பிள்ளை, உடனே வந்திருந்தால் அந்தச் சில்லையே திரும்பப் பொருத்தியிருக்கலாம் என்றார் தஞ்சாவூர் டாக்டர். இப்போது அது தேய்ந்து உருண்டு கிடக்கிறது. எடுத்துவிட்டு, எலும்பில் சின்னச் சின்னத் துளைகள் போடுவார்கள். ரத்தம் கசிந்து தழும்பு மாதிரி ஒன்று வந்து மூடுமாம். கபடி இனி இல்லை.

"வீங்கின காலோட எங்கேம்மா நடந்த?" என்று அவளைக் கேட்டார்.

"வேளாங்கண்ணிக்கு சார். நன்னிலத்துலேருந்து, செருப்பில்லாம."

"ஏன், பஸ் ஓடலையா?"

"அப்பா கம்பெனியில ஆள் குறைக்கிறாங்க. அவர் பேர் வரக் கூடாதுன்னு நேர்ந்துகிட்டேன். வலிக்குதுன்னா அம்மா விட மாட்டாங்க."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

உங்கள் வேலை நிலைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். நன்றிக்கு அடுத்த வருஷம் மூன்று பேருமாக நடப்போம் என்றீர்கள். அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். சரிப்பா என்று சொல்லிவிடுவாள்.

இது வந்து சேரும்போது ஆபரேஷன் முடிந்திருக்கும்.

அவள் நடந்தபோது போட்டிருந்த காவிச் சுடிதாரைப் பிரித்தேன். காலுக்கு அணைவாக வைக்கும் தலையணைக்கு உறை தைத்தேன்.

இப்படிக்கு,
பிள்ளையின் அம்மா