யானை எங்க கீது

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

நர்மதா எழுதுவது. எனக்கும் பாப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. பக்கத்து வீட்டு மொஹ்சின் அண்ணன் லீவு முடிந்து பஹ்ரைனுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். உங்கள் போன் வந்தால் உங்கள் மகள் மகிழினி என் தோளிலேயே தொங்குகிறாள். இது அவள் காதில் விழக்கூடாது.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் நூலகத்திலிருந்து அவளுக்குப் படப் புத்தகம் எடுத்து வருகிறேன் அல்லவா? போன மாதம் எடுத்தது, மிருகங்கள் கண்ணாமூச்சி ஆடும் கதை. பக்கத்துக்கு ஒன்று ஒளிந்திருக்கும். "யானை எங்கே இருக்கிறது?" என்று அச்சில் இருக்கும். நான் "யானை எங்க கீது?" என்றுதான் படிப்பேன். "தோ கீது, மரத்துக்குப் பின்னாடி கீது" என்று கத்திக்கொண்டு படத்தின் மேலேயே விழுவாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் என்னை எழுந்திருக்க விடமாட்டாள்.

சனிக்கிழமைகளில் அங்கே பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஒரு அம்மா வருகிறார். நன்றாகப் படித்தவர். ஒரு சனிக்கிழமை அதே மாதிரி இன்னொரு புத்தகத்தை விரித்து, பூனை எங்கே என்று கேட்டார். மற்ற பிள்ளைகள் முழிக்க, நம்ம பாப்பா எழுந்து நின்று, "தோ, கட்டிலுக்குக் கீய கீது" என்றாள். சரியான பதில். ஆனால் சிரித்தார்கள் மாமா. பிள்ளைகள் இல்லை, கூட வந்த பெரியவர்கள். எல்லாரும் நம்ம ஏரியாக்காரர்கள்தான், வீட்டுக்குப் போனால் அவர்கள் வாயிலும் அதே கீதுதான். அந்த அம்மா பாப்பாவின் கன்னத்தைத் தட்டி, "அப்படிச் சொன்னா அசிங்கம்டா கண்ணா, இருக்கிறதுன்னு சொல்லணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "புத்தகம் மட்டும் எடுத்துட்டுப் போனா போதாதும்மா, வீட்டுல நல்ல தமிழ் பேசுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்தேன். பாப்பா என் வாயைக் கையால் பொத்தினாள். "நீ படிக்காத, நீ அசிங்கமா படிக்கிற" என்றாள்.

கடிதம் என்றால் எனக்கும் இப்படி எழுத வரும், பன்னிரண்டாவது வரை படித்தவள்தானே. ஆனால் பிள்ளையைக் கொஞ்ச எனக்கு வருவது அந்தப் பேச்சுதான். பெற்றவளின் பேச்சு அசிங்கம் என்று நாலு வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அவர் யார்?

அடுத்த சனிக்கிழமை நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். "எம்பொண்ணு பூனைய கரீட்டா காட்ச்சி. அத்த வுட்டுட்டு அது பேச்சப் புட்ச்சிக்கினீங்களே, இன்னா மேடம் நாயம்?" என்றேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இவளைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்றுதான் சொன்னாராம். "இஸ்கூல்ல சிரிக்கறது அப்பால. இங்க சிரிச்சவங்கள நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றேன். நூலகர் கோதண்டம் சார், இங்கே சத்தம் போடக்கூடாதம்மா என்றார். அன்று எல்லாரும் சிரித்தபோது அந்தச் சட்டம் எங்கே போயிருந்தது என்று அவரையும் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை வீடியோவில் பாப்பா, "அப்பா, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்து, "டிவில பேசற மாதிரியே பேசுதே, நர்மதா, நீயும் கத்துக்கோ" என்றீர்கள். நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதனால் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அன்று நான் பட்டென்று போனை வைத்தது அதனால்தான். சார்ஜ் தீர்ந்தது என்று சொன்னது பொய்.

அவள் நல்ல தமிழ் படிக்கட்டும், இங்கிலீஷும் படிக்கட்டும், நானே கூட்டிப்போகிறேன். ஆனால் இப்போது புத்தகத்தைத் தனியாகத்தான் புரட்டுகிறாள். விரலால் காட்டுகிறாள், வாயைத் திறப்பதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் மூடிவிடுகிறாள்.

நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். உச்சி வெயிலில் வெல்டிங்குக்கு ஏறாதீர்கள். வடிவுடையம்மன் உங்களுக்குத் துணையிருப்பாள்.

ஜூனில் இவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்குள் லீவு கிடைத்தால் வாருங்கள் மாமா. வந்து இவளை மடியில் உட்காரவைத்து நீங்களே ஒரு புத்தகம் படித்துக் காட்டுங்கள். எந்தத் தமிழில் படித்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நர்மதா