காயில் வைத்தும் துள்ளாத விரல்

பெங்களூர், 12.8.2003

ஞானம்மாளுக்கு,

முழங்கால் வலி தேவலையா? திருப்போரூர் முருகன் புண்ணியத்தில் நான் இருக்கிறேன்.

வலது கை ஓய்ந்துபோவதால் மோட்டார் பட்டறைக்காரர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தலைமேல் காந்தக் காயிலை, நான் மோட்டாருக்குச் சுற்றுகிற மாதிரிக் கம்பிச்சுருளை, வைத்தால் விரல் துள்ள வேண்டுமாம். துள்ளவில்லை.

"உங்க காயில்ல சுத்து கம்மிம்மா" என்றேன்.

டாக்டரம்மா நம்ம பக்கத்து அச்சரப்பாக்கத்துக்காரி. சிரித்துவிட்டு அதையே கழுத்தில் வைத்தார். விரல் துள்ளியது. யாரும் சொல்லித்தராமல் மோட்டார் காயில் சுற்றக் கற்றவனுக்கு வேறு விளக்கம் எதற்கு? மோட்டார் நன்றாக இருக்கிறது. தலையிலிருந்து வரும் லைன் போய்விட்டது.

"அப்போ லைனை மாத்துங்க."

"முடியாது தாத்தா. இடது கையும் இப்படித்தான் ஆகும்."

இதை இடது கையால்தான் எழுதுகிறேன். கூட்டிப்போக யாரையும் அனுப்பாதே, வரமாட்டேன். பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்பு.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். பதிலைச் சீக்கிரம் போடு. கவரை நானே பிரிக்க வேண்டும்.

ஜானகிராமன்